ஜெறாட்டின் கோலுக்குப் போட்ட புது டிப்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல டிப் என்று ஒன்று உலகத்தில் இல்லை. இதை யாராவது மறுத்துக் கதைத்தால் எனக்குக் கோபம் வரும். வந்தால் மறைக்கவும் மாட்டேன். மன்னார் பசாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோலின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல்துண்டுக்குத்தான் டிப் என்று பெயர். சின்னவிரல் நகத்தளவுதான் இருக்கும். கோல் எந்த மரம், மேசைத் துணி எந்த நாட்டுத் துணி என்று ஊரெல்லாம் பேசுவார்கள். ஆனால் வெள்ளைப் பந்தில் போய்ப் படுவது இந்தத் தோல்துண்டு மட்டும்தான். அதைப் போட்டுக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். கண் மங்கி வேலையை விட்ட பிறகும் சட்டைப் பையில் ஒரு டிப்பை வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். பஸ்ஸில் இருக்கும்போது அதை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் போனில் வீடியோ பார்த்துவிட்டு வேலைக்கு வருகிறீர்கள். அதில் ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு, இத்தனை அடுக்கு, இவ்வளவு தடிப்பு, இதுதான் சிறந்தது என்கிறான். அவன் முன்னால் ஆட்டக்காரன் இல்லை. உங்கள் முன்னால் இருக்கிறான். வீடியோவை மூடிவிட்டு அவனைப் பாருங்கள்.

அஸீஸ் நானாவின் கடையில்தான் நான் வேலை செய்தேன். பசாருக்குப் பின்னால், மேசைகளும் கதிரைகளும் ஒரு பெரிய மின்விசிறியும் உள்ள கடை. அங்கே வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வருவார். அவருக்கு டிப் பஞ்சுபோல இருக்க வேண்டும். தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி என்று நானா சிரிப்பார். சாதாரண உடுப்பில் வந்து ஆடுகிற பாதர் ஒருவருக்குக் கல்லுப் போல இருக்க வேண்டும். நானாட்டானிலிருந்து உழவு இயந்திரம் ஓட்டுகிற ஒருவன் வருவான். அவனுடைய டிப் அடிபட்டு அடிபட்டுக் காளான் போல ஓரமெல்லாம் பிதுங்கி நிற்கும். பார்க்கவே எனக்குக் கை துருதுருக்கும்.

"அண்ணை, ஓரத்தச் சீவிப் போடாதேங்கோ" என்பான்.

"ஏன்டா, வடிவாவா இருக்கு?"

"வடிவில்லத்தான். ஆனா அது பிதுங்கி நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்கு நேரா அடிக்க வருது."

இதில் என்ன நியாயம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அடி நேராகத்தான் போனது. நான் தொடவில்லை. நியாயம் அவனுடைய தலைக்குள் இருந்தால் போதும், என் தலைக்குள் இருக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர்க் காற்றையும் மறக்காதீர்கள். கச்சான் காற்றில் தோல் வறண்டு இறுகும். வாடைக்காற்றில் உப்பு ஈரம் குடித்து ஊதும். கச்சான் காலத்தில் மென்மை கேட்டவன் வாடையில் வந்து "என்ன அண்ணை, சவ்வு மாதிரிக் கிடக்கு" என்பான். அவன் குணம் மாறிவிட்டது என்று திட்டாதீர்கள். காற்று மாறியிருக்கிறது.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். இப்போது ஜெறாட்டின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜெறாட் பள்ளிமுனைக்காரர். சங்கு குளிக்கிறவர். ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது இரண்டும் பழுதாகிவிட்டன. வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னால் கேட்கும், சனம் நிறைந்த இடத்தில் அதுவும் கேட்காது. இனி ஒரு முறை இறங்கினால் மிச்சமும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வேறு வேலை கிடைக்கவில்லை. வள்ளக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மனிதர் ஆட வந்தால் கடையே அவருடைய மேசையைச் சுற்றி நிற்கும். அவ்வளவு நுணுக்கமான அடி. வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அங்கே போய் நிற்கும்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. மற்றவர் ஆடும்போது, எதிரே நின்று மேசையின் மரவிளிம்பில் உள்ளங்கையை வைத்திருப்பார். புதிதாக வந்தவர்கள் எரிந்து விழுவார்கள். "கைய எடும், பந்து ஆடுது" என்பார்கள். அவருக்குக் கேட்காது. நானா போய் அவர் தோளைத் தொட்டுச் சைகை காட்டுவார். எடுப்பார். கொஞ்ச நேரத்தில் கை திரும்பவும் அங்கே போய்விடும்.

இரண்டாவது வழக்கம் டிப். நான்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன், ஒரே தோலில் அமுக்கிச் செய்த கடினமான டிப். அது தேய்ந்து தேய்ந்து காசுக் குற்றியின் தடிப்புக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் அந்த அளவுக்கு வரவே விடமாட்டார்கள். நான் பார்க்கிறபோதெல்லாம் "மாத்துவமா?" என்று சைகை காட்டுவேன். "வேண்டாம் அண்ணை, இப்பதான் பிடிச்ச மாதிரி வந்திருக்கு" என்பார். நான் விட்டுவிட்டேன்.

ஆட்கள் வராத ஒரு மத்தியானம் கடலுக்குள் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். கீழே ஒன்றும் கேட்காதாம், இடுப்பில் கட்டிய கயிறுதான் எல்லாமாம். மேலே வள்ளத்தில் இருப்பவர் இழுப்பதை வைத்துத்தான் கதை. அதை எனக்கு மேசை விளிம்பில் விரல்முட்டியால் தட்டிக் காட்டினார்.

"ஒரு இழுவை எண்டா, சுகமா இருக்கிறியோ எண்டு கேக்கினம். ரெண்டு இழுவை எண்டா, மேல வா."

இரண்டு தட்டு. மேலே வா. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானா வருடா வருடம் ஒரு போட்டி வைப்பார். அந்த வருடம் வவுனியாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே பெரிதாக ஒரு பில்லியர்ட்ஸ் கடை திறக்கப்போகிறார். மேசைகளைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு ஆட்டம் பழக்கவும் நிரந்தரமாக ஓர் ஆள் தேவை, மேல்மாடியில் குடியிருக்க வீடும் உண்டு. போட்டியில் வெல்கிறவரைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று நானாவிடம் சொல்லியிருந்தார். ஜெறாட் வென்றால் வவுனியா. தோற்றால் அடுத்த நாள் காலையில் வள்ளம். அவருடைய மனைவி ஸ்டெல்லா கோயிலில் நேர்த்தி வைத்திருந்தது இதற்காகத்தான்.

அதே ஸ்டெல்லாதான், நல்ல மனதோடு, காரியத்தைக் கெடுத்தாள்.

இத்தாலியில் இருக்கிற தன் தம்பிக்குச் சொல்லி, இருப்பதிலேயே உயர்ந்த டிப் ஒன்றை அனுப்பச் செய்திருக்கிறாள். மெல்லிய தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த, தடித்த, மென்மையான டிப். புருஷனுக்குச் சொல்லாமல் போட்டுக் கொடுத்துச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, போட்டிக்கு முதல் நாள் கோலையும் டிப்பையும் எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று நானாவிடம் கொடுத்தாளாம். நான் அன்றைக்கு முருங்கனில் மகளுடைய வீட்டில் நின்றேன். போட்டிக்கென்று ஒருவர் வெளியூரிலிருந்து டிப் போடுகிற மெஷினோடு வந்து நம் கடையில் இறங்கியிருந்தார். நம் தொழில்காரர்தான். பேர் சொல்ல மாட்டேன், மெஷின்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பழைய டிப்பைப் பார்த்துவிட்டு, "இதையா இவ்வளவு நாளும் வைத்திருந்தீர்கள்?" என்று சிரித்து, வெட்டி எறிந்துவிட்டு, இத்தாலிச் சாமானைப் போட்டுவிட்டார்.

வேலை சுத்தம். அதையும் சொல்ல வேண்டும். ஓரம் வழுவழுப்பாக, வளைவு அளவாக, பார்க்க அழகான டிப். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் கோபம். மோசமாகப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். சுத்தமாகப் போட்ட பிழையை யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நான் கடைக்குப் போனபோது அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. ஜெறாட்டைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய பந்துகளைத் தவறவிடுகிறார். வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஓடுகிறது. இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு கோலின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கிறார். எதிராளி தன் பந்துகள் முடியுமுன்னமே கறுப்புப் பந்தைக் குழியில் விழுத்தித் தோற்றபடியால் மட்டும் ஜெறாட் வென்றார். இறுதி ஆட்டம் பிற்பகலில்.

மூலையில் கூட்டம் கூடியது.

"பயம்தான்" என்றார் நானா. "வவுனியாக்காரர் இருக்கிறார் எண்டு கை நடுங்குது."

"புது டிப் ஆட ஆடத்தான் படியும்" என்றார் மெஷின்காரர். "இதுக்கு மேல நல்ல டிப் இலங்கையில இல்ல. ஆளுக்குக் குப்பையில ஆடிப் பழகிப்போச்சு, அதுதான்."

நான் ஜெறாட்டின் இடது காதுக்குக் கிட்டப் போய் "என்ன பிரச்சினை?" என்று கத்தினேன்.

"அண்ணை, இந்த டிப் ஊமை."

கூட்டம் சிரித்தது. காது கேட்காதவர் டிப்பை ஊமை என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். மெஷின்காரர் எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தார்.

ஜெறாட் அதைக் காணாதவர் போல எனக்கு மட்டும் சொன்னார். "வெள்ளையில எங்க பட்டதெண்டு தெரியேல்ல. பந்து ஓடுறதப் பாத்துத்தான் தெரியுது. பாக்கேக்க எல்லாம் முடிஞ்சு போயிடுது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை போய் மேசை விளிம்பில் உட்கார்ந்தது. அதே மேசையின் மற்றப் பக்கத்தில் யாரோ சும்மா பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். கயிற்று ஞாபகம் வந்தது. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது போல இருந்தது.

பிள்ளைகளே, ஓர் ஆட்டக்காரன் "டிப் சரியில்லை" என்று சொன்னால் அவன் எதை வைத்துச் சொல்கிறான் என்று கேளுங்கள். நாம் எல்லோரும் அடியின் சத்தத்தை வைத்துத்தான் பேசுகிறோம். கடினமான டிப் "டக்" என்கிறது. மென்மையானது "தொப்" என்கிறது. கை, காது இரண்டும் சேர்ந்து நமக்குச் சொல்வதை எல்லாம் நாம் கை சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். காதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? எனக்குத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது. ஒருவரைத் தவிர.

"நானா, இஞ்ச வாங்கோ" என்றேன். "என்ர ரெண்டு காதையும் பொத்துங்கோ."

"என்ன?"

"காதப் பொத்துங்கோ எண்டு சொல்லுறன். வடிவா இறுக்கி."

நானா பெரிய உடம்புக்காரர். உள்ளங்கை ஒவ்வொன்றும் சாப்பாட்டுப் பீங்கான் தட்டளவு இருக்கும். பின்னால் நின்று என் தலையைப் பூசணிக்காய் போலப் பிடித்தார். நான் குனிய அவரும் குனிய வேண்டியிருந்தது. கடை முழுக்கச் சிரித்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. எங்கள் தெருக்களில் திரிகிற கழுதைகளில் ஒன்றுகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தது.

ஜெறாட்டின் கோலால் வெள்ளைப் பந்தை அடித்தேன். ஒன்றுமே இல்லை. தலையணையில் குத்தினது போல. பந்து போனதைக் கண்டேன். ஆனால் அடித்தது நான்தானா என்று கைக்குத் தெரியவில்லை. நடுவில் அடித்தேன், ஓரத்தில் அடித்தேன், எல்லாம் ஒரே மாதிரி.

பிறகு கடையில் எல்லோரும் பாவிக்கிற பழைய கோல் ஒன்றை எடுத்தேன். டிப் தேய்ந்து கிடந்த கோல். நானா இன்னும் காதை விடவில்லை. அடித்தேன். மணிக்கட்டு வரைக்கும் வந்தது அந்தத் தட்டு. ஓரத்தில் அடித்தேன். வேறு மாதிரி வந்தது, சில்லென்று, பக்கவாட்டில். இன்னும் கொஞ்சம் ஓரத்தில். இன்னும் வேறு. பந்து அசைவதற்கு முன்னமே கைக்குச் சேதி வந்துவிட்டது. இத்தனை காலம் இந்தத் தொழிலைச் செய்தும் இதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் சந்தோஷம் என்றால் அப்படிச் சந்தோஷம். புதுக் கண் திறந்தது போல.

"சீவப் போறன்" என்றேன்.

மெஷின்காரர் கோலைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு விசரே? இந்த டிப்பைச் சீவுறதா?"

அவர் கேட்டது சும்மா கேள்வி இல்லை. அதையும் சொல்கிறேன். புது டிப் ஒட்டினால் பசை காய நேரம் வேண்டும், இறுதி ஆட்டத்துக்குள் காயாது. ஆகவே இருப்பதைத்தான் சீவ வேண்டும். சீவினால் திரும்ப ஒட்ட முடியாது. கொஞ்சம் கூடச் சீவினால், இல்லாவிட்டால் அடுக்குகள் பிரிந்தால், ஜெறாட் டிப் இல்லாத கோலோடு மேசைக்குப் போக வேண்டும். போட்டி விதிப்படி வேறு கோல் எடுக்கலாம்தான். ஆனால் வேறொருவருடைய கோலில் அவர் ஆடி நான் கண்டதில்லை. என் கை பிழைத்தால் அவர் காது போகும். அவ்வளவுதான் கணக்கு.

இதற்குள் நானா ஒரு வேலை பார்த்துவிட்டார். போனை எடுத்து, "தங்கச்சி, ஒங்கட சாமான இவர் வெட்டப் போறாரு, ஓடி வாங்க" என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லிவிட்டார்.

அவள் ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். கடைக்குள் பெண்கள் வருவதில்லை. எப்போதும் வாசலில் நின்றுதான் புருஷனைக் கூப்பிடச் சொல்வாள். அன்றைக்கு வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தாள்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? தம்பி வாங்கி அனுப்பினது. உதவாட்டி அவன் அனுப்புவானோ?"

"சாமான் நல்ல சாமான் பிள்ளை. உன்ர மனுசனுக்குச் சரியில்ல."

"காலமை வெண்டவர்தானே?"

"மற்றவன் தோத்தவன். இவர் வெல்லேல்ல."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது சரிவராட்டி நாளைக்கு அவர் வள்ளத்தில ஏறோணும். தெரியுமே உங்களுக்கு? பிறகு நீங்கள் வந்து நிப்பியளோ?"

எனக்கும் கோபம். கத்தப் போனேன். பிறகு, கத்துவதில் பயனில்லை என்று, நான் கண்டதை அப்படியே சொன்னேன். நானா காதைப் பொத்தினதை, கைக்கு ஒன்றும் வராததை, தேய்ந்த டிப்பில் தட்டு மணிக்கட்டு வரை வந்ததை. சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல், மேசை விளிம்பில் கையை வைத்தபடி எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்சாதி வரவழைத்த சாமானைக் குறை சொல்லக்கூடாது என்று அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஸ்டெல்லா அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டில சின்னவன் அழுதா அவருக்குக் கேக்காது அண்ணை. பக்கத்தில படுத்துக்கொண்டு நெஞ்சில கைய வைச்சிருப்பார். அழத் தொடங்க முதலே எனக்கு முன்னம் எழும்பிடுவார்."

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மெஷின்காரர் கோலை விட்டார்.

"சீவுங்கோ" என்றாள் அவள். "நான் பாக்க மாட்டன். சீவுங்கோ."

வாசல் வெளிச்சத்துக்குக் கோலைக் கொண்டுபோனேன். கழுதையைத் துரத்திவிட்டு நிலத்தில் குந்தினேன். எப்படிச் சீவினேன் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை, கத்தி பிடிக்க உங்களுக்கும் தெரியும். எங்கே நிறுத்தினேன் என்பதுதான் விஷயம். ஓர் அடுக்கு எடுப்பேன், கோலை ஜெறாட்டிடம் கொடுப்பேன். அவர் போய் ஒரு பந்தை அடித்துவிட்டு வருவார். தலையை ஆட்டுவார், இல்லை என்று. இன்னும் ஓர் அடுக்கு. இல்லை. இன்னும் ஒன்று. என் கண்ணுக்கு அது போதும் என்று பட்டது. அதற்கு மேல் போவது ஆபத்து என்று என் அனுபவம் எல்லாம் கத்தியது. அவர் மறுபடியும் இல்லை என்றார்.

இந்த இடத்தில்தான் நம் தொழிலில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தனக்குப் போதும் என்று பட்டால் ஆட்டக்காரனுக்கும் போதும் என்கிறார்கள். நான் இன்னோர் அடுக்கை எடுத்தேன். கோல் முனையில் டிப்புக்குக் கீழே இருக்கிற வெள்ளை வளையத்தின் மேல் தோல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. அவர் போய் அடித்தார். திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று இன்னொரு பந்தை அடித்தார். பிறகு இன்னொன்று. பல்லெல்லாம் தெரிந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே, உழவு இயந்திரம் ஓட்டுகிற அந்த நானாட்டான் பெடியன் கஜன். நல்ல ஆட்டக்காரன், நல்ல பிள்ளை. ஜெறாட்டுக்குக் கிட்டப் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் தொடங்கினான். அவன் கூட்டாளிகள் அப்படி இல்லை. ஜெறாட் குனியும்போதெல்லாம் ஊளையிட்டார்கள், தகரத்தில் தட்டினார்கள். நானா சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தார். "டேய், கத்துங்கடா. நல்லாக் கத்துங்க. அவருக்கு உதவியா இருக்கும்."

வவுனியாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நானாவிடம் குனிந்து, "ஆள் ஆடுறார், சரி. காது கேக்காத ஆளோட கடை நடத்த ஏலுமோ?" என்று கேட்டார். நானா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஆளுக்கு இரண்டு ஆட்டம் வென்று, கடைசி ஆட்டத்துக்கு வந்தார்கள். கஜனுடைய பந்துகளில் ஒன்றுதான் மிச்சம். அவன் அதைக் குழியில் போடாமல் தவறவிட்டான். ஜெறாட் தன்னுடைய கடைசிப் பந்தைக் குழிக்குள் போட்டார். இனி கறுப்பு. அது மேசையின் தூர விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. வெள்ளையின் ஓரத்தில் அடித்துச் சுழலவிடாவிட்டால் விழாத பந்து.

அவர் குனிந்தார். திடீரென்று நிமிர்ந்துவிட்டார்.

எனக்கு உயிர் போய்விட்டது. கோலை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, ஏதோ யோசித்தார். டிப்பைப் பார்க்கவே இல்லை. பிறகு கோலை விரல்களுக்குள் மெதுவாக உருட்டினார். கால்வாசி திருப்பம்தான். நுனியில் சோக்குக் கட்டியைத் தேய்த்தார். திரும்பக் குனிந்தார். அடித்தார்.

கறுப்பு விளிம்பைத் தடவிக்கொண்டே போய்க் குழிக்குள் விழுந்தது. வெள்ளை பாதி மேசைக்குத் திரும்பி வந்து நின்றது.

என்ன சத்தம் என்கிறீர்கள். கஜனுடைய கூட்டாளிகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். பார்த்தால் மெஷின்காரர். அவரும் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு நான் கோலை வாங்கி, டிப்பை நகத்தால் தடவிப் பார்த்தேன். டிப்பின் ஒரு பக்கத்தில், ஊசிமுனை அளவுக்கு, ஓர் அடுக்கு கிளம்பியிருந்தது. அந்தப் பக்கம் பந்தில் பட்டிருந்தால் கோல் வழுக்கியிருக்கும். அது முந்தின அடியில் கிளம்பியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவில்லை. கை கண்டுபிடித்துவிட்டது. அதைத்தான் அவர் உருட்டி விலக்கினார். சீவின டிப், நான் போட்ட பழைய டிப்பின் தடிப்புக்கு வந்திருந்தபடியால்தான் கைக்குச் சேதி வந்தது. தடித்த டிப்பாக இருந்தால் வந்திருக்காது. தடித்த டிப்பாக இருந்தால் அடுக்கும் கிளம்பியிருக்காது என்று மெஷின்காரர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். அவர் ஆடவில்லையே.

வவுனியாக்காரரிடம் கோலைக் காட்டி, விரல் நகத்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவரும் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் தொட்டார். காதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. எழும்பி ஜெறாட் நின்ற மேசைக்குப் போனார்.

"எப்ப வாறீங்கள்?" என்று கேட்டார்.

ஜெறாட் எதிர்ப்பக்கத்தில் குனிந்து, குழிகளிலிருந்து பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை வழக்கம்போல மேசை விளிம்பில். யார் வென்றது என்பதுகூட இன்னும் மனதில் ஏறாதவர் போல முகம். வவுனியாக்காரர் திரும்பவும் கேட்டார். நானா பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். கடை முழுக்க "ஜெறாட், ஜெறாட்" என்று கத்தியது. அவர் நிமிரவில்லை.

ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேசையின் இந்தத் தலைப்பில் நின்று, மரவிளிம்பில், விரல்முட்டியால் தட்டினாள்.

இரண்டு தட்டு.

அவர் உடனே நிமிர்ந்தார். அவளைக் கண்டார். பக்கத்தில் நின்ற வவுனியாக்காரரையும் கண்டார். சத்தம் அடங்கிவிட்டிருந்தது. காது கேளாதவர்கள் கதைக்கிற அந்தப் பெரிய குரலில், வீதி வரைக்கும் கேட்க, ஜெறாட் சொன்னார்:

"வாறன்."